கோப்பையின் காது

தென் பிரான்ஸ், பயிற்சி முகாம்
9 பிப்ரவரி 1983

அன்புள்ள அக்கா லிவினாவுக்கு,

தம்பி கமீல் எழுதுகிறேன். நானும் மச்சான் ரெமியும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பீர்ப் பீப்பாயைத் தனியாகத் தூக்காதே என்று மச்சான் நூறு முறை எழுதச் சொன்னான். ஒரு முறை எழுதிவிட்டேன், மீதியை நீயே சேர்த்துக்கொள்.

இங்கே நல்ல வெயில். காலையில் நூற்றைம்பது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறோம், மாலையில் கடைசிப் பாய்ச்சலுக்கான பயிற்சி. இந்த வருடம் மேலாளர் எங்களை ரயில் மாதிரி கோத்திருக்கிறார். கடைசி மூன்று கிலோமீட்டரில் நான்கு பேர் ஒருவன் முதுகுக்குப் பின் ஒருவனாகப் போக வேண்டும். முன்னால் போகிறவன் காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, மூச்சு தீர்ந்ததும் ஒதுங்குவான், அடுத்தவன் எடுத்துக்கொள்வான். மூன்றாவது பெட்டி நான். கடைசிப் பெட்டி மச்சான். கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது நான் ஒதுங்குவேன், அவன் பாய்வான். ஜெயிப்பது அவன்தான். படத்தில் அவனுக்குப் பின்னால் மங்கலாக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறவன் நான். உன் கபேயில் படம் மாட்டும்போது என்னைக் கத்தரித்துவிடாதே.

எழுபது கிலோமீட்டர் வேகத்தில் என் பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி அவர் எப்படிப் பயப்படாமல் வருகிறார் என்று கேட்டிருந்தாய். பந்தயத்தன்று காலையில் நான் முடிவுக் கோட்டுக்குப் போய்க் கொடிகளைப் பார்ப்பேன். காற்று இடமிருந்து அடித்தால் நான் இடப்பக்கம் ஒதுங்குவேன். மச்சான் என் வலப்பக்கத்து மறைவில் பாய்வான். வலமிருந்து அடித்தால் எல்லாம் மாறும். காபி குடிக்கும்போது இதை அவனிடம் சொல்வேன். உடனே அவன் தன் கோப்பையின் காதை, தான் பாயப்போகிற பக்கமாகத் திருப்பி வைப்பான். அதோடு பேச்சு முடிந்தது. பரிமாறுகிற பெண் அந்தக் கோப்பையை நகர்த்தினால் போதும், சண்டைக்குப் போய்விடுவான். வீட்டிலும் அப்படித்தானா?

குளிரில் ஜாக்கிரதையாக இரு.

உன் தம்பி,
கமீல்


ஹல்லெபேக்
20 பிப்ரவரி 1983

அன்புத் தம்பி கமீலுக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்காலும் சௌக்கியம், என்னைவிட அதைப் பற்றித்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள்.

வீட்டில் அவர் கோப்பையின் காது எந்தப் பக்கம் என்று நான் பார்த்ததில்லை. கோப்பையைக் கழுவுகிறவள் நான், அதுதான் எனக்குத் தெரியும்.

ரசிகர் மன்றத்துக்கு இந்த வருடம் புதுப் பதாகை வந்திருக்கிறது. கறிக்கடை அஷீல்தான் மறுபடியும் தலைவர். லிண்டெர்கெம் பந்தயத்துக்கு இரண்டு பஸ் பேசிவிட்டார். "நம்ம ஊர் வாசல்ல நடக்குற பந்தயம். அதுல ரெமி ஜெயிக்கலன்னா நான் மீசைய எடுத்துடுறேன்" என்கிறார். அவருக்கு மீசையே இல்லை.

போன வியாழன் நோர்பெர்ட் பயிற்சியின் நடுவே வந்து சூப் குடித்துவிட்டுப் போனான். வேறு அணியில் இருந்தாலும் பக்கத்து ஊர் ஸ்டாவெர்கெம்காரன், சின்ன வயதில் உங்கள் இருவரோடும் ஓட்டியவன் அல்லவா, அந்த உரிமை விடவில்லை. அவன் அணியில் ரயிலும் இல்லை, ஒன்றும் இல்லையாம். "உன் தம்பிகிட்ட சொல்லு, அவங்க ரயிலுக்குப் பின்னாடி இந்த வருஷமும் நான் டிக்கெட் இல்லாமதான் வருவேன்னு" என்றான். அவன் அம்மா நூல்கண்டுக் கடையிலிருந்து எனக்கு நீல நிறத்தில் இரண்டு கண்டு கொண்டுவந்தான். திருவிழா நடனத்தில் அவன் கால்விரலை நான் மிதித்து உடைத்துப் பதினைந்து வருடம் ஆகிறது, இன்னும் என்னைப் பார்த்தால் நொண்டிக் காட்டுகிறான்.

வேளைக்குச் சாப்பிடு. உன் மச்சானைக் கடிதம் எழுதச் சொல். கைதானே, கால் இல்லையே வலிப்பதற்கு.

அன்புடன்,
லிவினா


இத்தாலி, மழை
17 மார்ச் 1983

அன்புள்ள அக்கா,

நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும்.

ஜெயித்தோம். செய்தித்தாளில் பார்த்திருப்பாய், ஆனால் அதில் எழுதாததை நான் சொல்கிறேன். கடைசி வளைவில் இத்தாலிக்காரர்கள் இரண்டு பேர் எங்களுக்கு நடுவில் புகுந்தார்கள். எனக்குப் பின்னால் இருப்பது மச்சானா வேறு யாராவதா என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்க முடியாது. இழுக்கிறவன் தலையைத் திருப்பினால் கை திரும்பும், கை திரும்பினால் சக்கரம் திரும்பும், பின்னால் இருபது பேர் விழுவார்கள். அதனால் நான் சொன்ன இடத்தில், சொன்ன பக்கம் ஒதுங்கினேன். அவன் இருந்தான். எப்படி வந்தான் என்று கேட்டேன். "நீ எங்க போவேன்னு எனக்குத் தெரியுமே" என்றான்.

அக்கா, எனக்கு இதுவரை ஒரு பந்தயத்திலும் வெற்றி கிடைத்ததில்லை, இனியும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் இந்த ஒரு வார்த்தை போதும் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு ஒருவன் பின்னால் வருகிறான் என்றால் அதுவும் பெரிய விஷயம்தான்.

ஏப்ரல் பத்தாம் தேதி லிண்டெர்கெம். அதற்கு முதல்நாள் வீட்டுக்கு வருகிறோம். அரிசிப் பாயசம் வைத்துச் சுடுவாயே, அந்தக் கேக்கில் ஒரு துண்டு வேண்டும், இலவங்கப்பட்டை அதிகமாக.

கமீல்


ஹல்லெபேக்
21 ஏப்ரல் 1983

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உனக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை என்று அஷீல் சொன்னார். கடவுளுக்கு நன்றி.

லிண்டெர்கெமில் விழுந்ததில் ரெமிக்கு இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது. தாடை இரண்டு இடத்தில். வாயைக் கம்பியால் கட்டிவிட்டார்கள், ஆறு வாரம் பேச முடியாது. வலது கை கட்டில் இருக்கிறது. இடது கையால் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். நடப்பார் என்று டாக்டர் சொன்னார். பந்தயம் ஓட்டுவாரா என்று கேட்டதற்கு என் முழங்கையைத் தட்டிக் கொடுத்தார்.

அன்று மாலை ஆஸ்பத்திரி நடையில் நீ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். டாக்டரிடம் பேசிவிட்டுத் திரும்பினால் நீ இல்லை. மறுநாளே ஸ்பெயினுக்குப் போக வேண்டும் என்று மேலாளர் உத்தரவாம். உன் வேலை அது, எனக்குப் புரிகிறது. இருந்தாலும் ஒரு நிமிடம் உள்ளே வந்து அவர் கையைத் தொட்டிருக்கலாம்.

செய்தித்தாள் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தடுப்பு வேலிக்கும் நோர்பெர்ட்டுக்கும் நடுவில் ரெமி. நோர்பெர்ட்டின் கை ரெமியின் இடுப்பில் இருக்கிறது. கீழே 'தள்ளிய கை' என்று போட்டிருக்கிறார்கள். விழப்போனவரைப் பிடித்தேன் என்று நோர்பெர்ட் சொல்கிறானாம். நம் கடை அம்பு எறிகிற பலகையில் அந்தப் படத்தை ஒட்டிவிட்டார்கள். நானும் எடுக்கவில்லை.

விசாரணைக் குழு ரெமியைக் கேட்டது. சிலேட்டில் 'நினைவில்லை' என்று எழுதினார். நீ அவருக்கு இரண்டு முழம் முன்னால் இருந்தாய். என்ன பார்த்தாய் கமீல்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஸ்பெயின்
1 மே 1983

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மச்சானுக்காக நாள் தவறாமல் வேண்டிக்கொள்கிறேன்.

இங்கே மலை அதிகம், வெயில் அதிகம். இரண்டு பேருக்கு வயிற்றுக் கோளாறு. எனக்கு ஒன்றும் இல்லை.

நான் திரும்பிப் பார்ப்பதில்லை. உனக்குத்தான் தெரியுமே. விசாரணைக் குழுவுக்கும் அதையே எழுதி அனுப்பிவிட்டேன்: முன்னால் இருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை.

நேரம் இல்லை. பிறகு எழுதுகிறேன்.

கமீல்


ஹல்லெபேக்
16 மே 1983

அன்புத் தம்பிக்கு,

நலமா? ரெமி கட்டிலில் சாய்ந்து உட்காருகிறார். எடை பதினொரு கிலோ குறைந்துவிட்டது. அந்தத் தொடைகளை நீ பார்க்க வேண்டும், வேண்டாம், பார்க்காதே.

தீர்ப்பு வந்துவிட்டது. நோர்பெர்ட் இந்த வருடம் முழுவதும் ஓட்டக் கூடாது. தீர்ப்பு வந்த அன்றே அவன் அணி அவனை நீக்கிவிட்டது. இனி எந்த அணியும் சேர்க்காது என்று பேசிக்கொள்கிறார்கள், அவனுக்கும் முப்பத்தொன்று ஆகிறது.

இன்னொன்றும் நடந்தது. செவ்வாய்க்கிழமை நம் மன்றத்து ஆட்கள் ஸ்டாவெர்கெம் போய் நோர்பெர்ட்டின் அம்மா கடைச் சுவரில் 'கொலைகாரன்' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டு வந்தார்கள். நேராக இங்கேதான் வந்தார்கள். அஷீலின் நகக்கண்ணில் சிவப்பு. "கிழவி கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருந்தா, வெளிய வரல" என்று சிரித்தார். நான் எல்லோருக்கும் பீர் ஊற்றிக் கொடுத்தேன். மனதோடுதான் ஊற்றினேன். அன்று அது எனக்கு நியாயமாகத் தோன்றியது, அதை உன்னிடம் மறைக்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் சூப்பைக் கோப்பையில் குழாய் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். ரெமி காதைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினார். "கை எட்டாதுங்க, இடது கையாலதானே எடுக்கணும்" என்று அவள் திருப்பி வைத்தாள். அவர் மறுபடி வலப்பக்கம் வைத்தார். தினமும் இப்படித்தானாம். வைத்துவிட்டுச் சூப் ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாராம்.

நீ பிப்ரவரியில் எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்தேன். அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒன்று தெரிய வேண்டும். லிண்டெர்கெமில் அன்று காலை காது எந்தப் பக்கம் இருந்தது?

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


இத்தாலி
4 ஜூன் 1983

அன்புள்ள அக்கா,

நலம். மச்சானும் நீயும் நலமாக இருக்க வேண்டும்.

இங்கே பாற்கட்டி மிக நன்றாக இருக்கிறது. இரண்டு கிலோ வாங்கி மேலாளரின் வண்டியில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மச்சானுக்குக் கரைத்துக் கொடுக்கலாம். ஈரமில்லாத இடத்தில் துணியில் சுற்றி வை.

மச்சான் இடத்துக்கு ஒரு டச்சுப் பையனைப் போட்டிருக்கிறார்கள். நல்ல வேகம். இன்னும் ஜெயிக்கவில்லை. நேற்று நான் முந்நூறு மீட்டரிலேயே ஒதுங்கிவிட்டேன் என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் திட்டினார். "உனக்கு என்னடா ஆச்சு, பின்னால பேய் வர்ற மாதிரி வழிய விட்டுட்டு ஓடுற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

திராட்சைத் தோட்டங்களில் இப்போது மருந்து அடிக்கிறார்கள், வழியெல்லாம் அந்த வாடை.

கமீல்


ஹல்லெபேக்
13 ஜூன் 1983

தம்பிக்கு,

பாற்கட்டி வந்தது. நன்றி. துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

காது எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டிருந்தேன்.

அக்கா


ஹல்லெபேக்
30 ஜூலை 1983

அன்புத் தம்பிக்கு,

பிரான்ஸ் சுற்று முடிந்துவிட்டது. எழுபதாவது இடம் என்று தாளில் உன் பெயரைப் பார்த்துத்தான் நீ உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொண்டேன். ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எனக்கும் கோபம் இருந்தது, நானும் எழுதவில்லை.

ரெமி வீட்டுக்கு வந்துவிட்டார். ஊன்றுகோலோடு கல்லா வரைக்கும் நடக்கிறார். வாய்க் கம்பியை எடுத்தாயிற்று. என்ன நடந்தது என்று எப்படிக் கேட்டாலும், "அது ரோட்டுல நடந்தது, லிவினா. ரோட்டுலயே கெடக்கட்டும்" என்று முடித்துவிடுகிறார். உங்கள் ஆட்களுக்குள் இது ஒரு சட்டம்போல் இருக்கிறது. கடைசி இருநூறு மீட்டரில் நடந்ததை வெளியே சொன்னால் நாக்கு அழுகிவிடுமோ என்னவோ.

போன சனிக்கிழமை நான் பஸ் ஏறி ஸ்டாவெர்கெம் போனேன். நூல் வாங்கப் போனதாக ரெமியிடம் சொன்னேன். சுவரில் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், சிவப்பு அதையும் மீறித் தெரிகிறது. அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். நீலக் கண்டு இரண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

நோர்பெர்ட் உள்ளே இருந்தான். இப்போது செங்கல் சூளையில் சுமை ஏற்றுகிறானாம். நான் கேட்காமலே சொன்னான்: "ரெமி என் மேல சாஞ்சான். எதுலயோ சக்கரம் தட்டின மாதிரி எடப்பக்கமா சாஞ்சான். நான் இடுப்புல கைய வச்சு நிமித்தப் பாத்தேன். நிமித்தி விட்டேன், அந்த வேகத்துல அந்தப் பக்கம் போய் வேலியில விழுந்துட்டான். கைய எடுத்திருந்தா ரெண்டு பேரும் விழுந்திருப்போம், எனக்கு இந்தச் சனியன் எதுவும் வந்திருக்காது." எதில் தட்டியது என்று கேட்டேன். "எனக்கு முன்னாடி ரெமி. ரெமிக்கு முன்னாடி யாருன்னு உனக்குத் தெரியாதா?" என்றான். வாசல்வரை வந்து வழியனுப்பினான். நொண்டிக் காட்டவில்லை.

பலகையிலிருந்து அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அஷீல் முணுமுணுத்தார், போகட்டும்.

நான் இனி உன்னிடம் கேட்க மாட்டேன். நம் அம்மா போனபிறகு உன்னைக் குளிப்பாட்டி, தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் நான். நீ பொய் சொன்னால் எனக்குத் தெரியும். நீ ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் தெரியும்.

அக்கா


ஹாலந்து எல்லை, அணியின் விடுதி
19 ஆகஸ்ட் 1983

அன்புள்ள அக்கா,

உன் நலம் கேட்கக்கூட எனக்கு இன்று வாய் வரவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

காது வலப்பக்கம் இருந்தது.

காலையில் லிண்டெர்கெம் கடைத்தெருவில் கொடிகள் எல்லாம் இடமிருந்து வலமாகப் பறந்தன. நான் இடப்பக்கம் ஒதுங்குகிறேன், நீ வலப்பக்கம் வா என்று சொன்னேன். அவன் கோப்பையைத் திருப்பி வைத்தான். ஐந்து மணிநேரம் கழித்துக் கடைசி வளைவில் திரும்பியபோது காற்று என் வலக் கன்னத்தில் அறைந்தது. காற்று மாறிவிட்டது. பத்து வருடமாக இந்த உடம்புக்கு ஒன்றுதான் பழக்கம்: காற்று வருகிற பக்கம் ஒதுங்கி, பின்னால் வருகிறவனுக்கு மறைவு கொடுக்க வேண்டும். புதுப் பையனாக இருந்தால் காலையில் சொன்னதையே செய்திருப்பான். எனக்குக் காற்று தெரியும், அதனால் கெடுத்தேன். மச்சானுக்கும் காற்று தெரியும், அவனும் இடப்பக்கம் மாறியிருப்பான் என்று நினைத்தேன். நான் வலப்பக்கம் ஒதுங்கினேன்.

ஆனால் அவன் நான் சொன்னதை நம்பினான். காற்று அவன் கன்னத்திலும்தான் அடித்திருக்கும். அதைவிட என் வார்த்தையை நம்பி வலப்பக்கம் வந்தான். 'வலம்' என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். மூச்சு இருந்தது அக்கா. மூச்சு இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், பொய். ஒரு வார்த்தைக்கு மூச்சு இருந்தது.

என் பின் சக்கரத்தில் 'டிக்' என்று ஒரு தட்டு. அவ்வளவுதான். பிறகு இரும்பு விழுகிற சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேனே, அது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். நோர்பெர்ட்டின் படம் வந்தபோது, கடவுளே மன்னிக்கட்டும், எனக்கு நிம்மதியாக இருந்தது.

பக்கம் மாறி ஒதுங்கியவன் என்று தெரிந்துவிட்டால் எந்த அணியிலும் ஒருவனும் என் சக்கரத்துக்குப் பின்னால் வர மாட்டான். எனக்கு வேறு தொழில் தெரியாது. அதை நினைத்துப் பயந்தேன். உன் முகத்தை நினைத்து அதைவிடப் பயந்தேன். ஆனால் அந்த டச்சுப் பையன் தினமும் காலையில், "எந்தப் பக்கம், கமீல்?" என்று கேட்கிறான். நான் சொல்கிறேன். அவன் அப்படியே நம்பித் தலையாட்டுகிறான். அதை என்னால் தாங்க முடியவில்லை.

இதே விவரங்களை விசாரணைக் குழுவுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். நோர்பெர்ட்டுக்கு ஒரு பிரதி. மேலாளரிடமும் சொன்னேன். "சைக்கிள வச்சிட்டுப் போ" என்றார். இது உன் பிரதி. யாருக்குப் படித்துக் காட்டினாலும் சரி.

மச்சானிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கமீல்


ஹல்லெபேக்
6 செப்டம்பர் 1983

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீ சாப்பிடுகிறாயா இல்லையா என்று தெரியவில்லை. பழைய விடுதி முகவரிக்கே எழுதுகிறேன், அனுப்பி வைப்பார்கள்.

உன் கடிதத்தை முதலில் நான் மட்டும் சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. வலப்பக்கம் ஒதுங்கியதற்காக இல்லை. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் பாற்கட்டியைப் பற்றியும் திராட்சைத் தோட்டத்தைப் பற்றியும் எழுதினாயே, அதற்காக.

பிறகு ரெமியிடம் கொடுத்தேன். ஜன்னலோரம் நின்று இரண்டு முறை படித்தார். மேஜையில் காபி இருந்தது. உட்கார்ந்து அந்தக் கோப்பையை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "அப்போ நான் சரியாத்தான் வந்திருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் தினமும் கோப்பையை ஏன் திருப்பினீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். "அவன் சொன்னத நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனோன்னு நெனச்சுப் பாப்பேன். கமீலு பக்கம் மாற மாட்டான், அவனுக்கு அது வராது. அப்போ தப்பு என்னோடதுதான்னு இத்தன நாளா நெனச்சிருந்தேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை கமீல். அன்று பார்த்தேன். உன் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு வரிக்காக அந்த மனிதர் ஐந்து மாதம் தன்னையே குற்றவாளியாக வைத்துக்கொண்டு படுத்துக்கிடந்திருக்கிறார். வலிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டம். எல்லோர் கையிலும் பீர் வந்தபிறகு நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று உன் கடிதத்தை முழுதாகப் படித்தேன். பாதிப் பேர் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வருவார்களோ என்னவோ. அஷீல் மட்டும் உட்கார்ந்திருந்தார். "அந்தச் சுவத்த நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். "நீங்க எழுதினீங்க, நான் ஊத்திக் கொடுத்தேன்" என்றேன்.

குழு தடையை நீக்கிவிட்டது. பந்தயப் பருவம் முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது, எந்த அணியும் இதுவரை நோர்பெர்ட்டைக் கூப்பிடவில்லை. இனிக் கூப்பிடுமோ தெரியாது. நேற்று அவன் இங்கே வந்தான். சூளையின் தூசி தலையெல்லாம். நின்றுகொண்டே காபி குடித்தான். உன்னை மன்னித்தானா என்று நான் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை நம் வீட்டில் யாருக்கும் இல்லை. போகும்போது அவனே சொன்னான்: "மன்னிப்பு கின்னிப்பெல்லாம் எனக்குத் தெரியாது. அவன் வந்து எங்கம்மா கடைச் சுவத்தச் சுரண்டிக் கழுவட்டும். அம்மா பாக்குற மாதிரி, பகல்ல, நடுத்தெருவுல."

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வா. காலையில் ஸ்டாவெர்கெம் போகிறாய். உன்னோடு நானும் அஷீலும் வருகிறோம். மூன்று சுரண்டுதகடும் ஒரு வாளியும் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த அம்மா எதிரில் என்ன பேசுவது என்று யோசிக்காதே, சுவரைப் பார்த்து வேலை செய்.

மத்தியானம் இங்கே சாப்பாடு. அதற்குப் பிறகு ரெமியோடு நீ போக வேண்டும். டாக்டர் சைக்கிளைத் தொடலாம் என்று சொல்லிவிட்டார், பந்தயம் மட்டும் இனி இல்லை. ரெமி இரண்டு சைக்கிளையும் பரணிலிருந்து இறக்கச் சொல்லி, தானே டயருக்குக் காற்றடித்து வைத்திருக்கிறார். கால்வாய்ப் பாலம் வரைக்கும்தான், நான்கு கிலோமீட்டர். நீங்கள் முன்னால் போங்கள், அவன் பின்னால் வரட்டும் என்றேன். "இல்ல, அவன்தான் முன்னாடி போவான். நான் அவன் சக்கரத்துக்குப் பின்னாடி வருவேன்" என்கிறார்.

உனக்கு ஒன்று சொல்லச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "பாலத்துக்கிட்ட ஒதுங்குறதுக்கு முன்னாடி, எந்தப் பக்கம்னு வாயத் தொறந்து சொல்லச் சொல்லு."

உன் வரவை எதிர்பார்த்து,
அக்கா லிவினா